ஏணி இறக்கம்

இதைச் சரியாக ஞாபகம் வைத்துத்தான் சொல்கிறேனா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. அருள்நாயகம் இந்தக் கதையை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். முதல் தரம் அந்தக் காலையில் மழை விட்டிருந்தது என்றார். அடுத்த தரம் தூறிக்கொண்டிருந்தது என்றார். சொல்லும்போது நடுவில் நெடுநேரம் பேசாமல் இருந்துவிடுவார். அந்த இடங்களை நானாக நிரப்பியிருக்கவும் கூடும். நேரங்களில் மட்டும் பிழை இராது. அவை அவர் கையாலேயே பதிவேட்டில் எழுதப்பட்டவை.

1996 ஒக்ரோபர் 19, சனிக்கிழமை. காலை 8.40.

ஹெதர்லி எஸ்டேட்டின் கேற் குடிலில் தொலைபேசி அடித்தது. எஸ்டேட் தேநீர்ச் சாலையில் வேலை செய்யும் றோஸ்மேரி பேசினாள்.

"அண்ணை, மனேச்சர் இன்னும் கோப்பிக்கு வரேல்லை. எட்டரைக்கு வாற மனுசன்."

கேற் காவலாளி அருள்நாயகம் பதிவேட்டைப் பார்த்தார். 'ஹோவெல், கார், 7.50 உள்ளே.' அதன் பிறகு ஒன்றும் இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்.

கனடாவில், ஸ்கார்பரோவின் ரூஜ் பள்ளத்தாக்குக்கு அப்பால், ஒரு பழைய பணக்காரக் குடும்பத்தின் இருநூறு ஏக்கர் காடு அது. அதற்குள் பாதைகள் வெட்டி மலைச் சைக்கிள் ஓட விட்டிருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து சைக்கிளை வாடகைக்கு எடுத்துச் சேறு பூசிக்கொண்டு போவார்கள். மனேச்சர் ஹோவெல் சனிதோறும் எட்டு மணிக்கு, ஆட்கள் வருமுன், தன்னுடைய சைக்கிளில் முழுப் பாதையையும் ஒரு தரம் ஓடிப் பார்ப்பார்.

சைக்கிள் கொட்டிலிலிருந்து மேட்டின் உச்சிவரை ஒரே ஏற்றம். உச்சியில் ஒரு பலகை. ஹோவெல் தன் கையாலேயே வெள்ளைப் பெயின்ரால் எழுதி நாட்டியது. 'இறங்கும்போது இடது கையை மறந்துவிடு.' அதற்கப்பால் வேர்கள் படிப்படியாகக் குறுக்கே ஓடும் செங்குத்தான இறக்கம். அதைத்தான் எல்லோரும் ஏணி என்பார்கள்.

8.52. ஏணியின் அடியில் ஹோவெல் முகங்குப்புறக் கிடந்தார். தலையில் ஹெல்மெற் இருந்தது. கழுத்துத் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு தொடுவதற்கு இன்னும் சூடாக இருந்தது. மூச்சு இல்லை.

சைக்கிள் பத்தடி மேலே ஒரு மேப்பிள் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஆள் அதற்கு மேலால் பறந்து வந்து விழுந்திருக்கிறார். வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குப் பிடித்த மழை இரவிரவாகப் பெய்திருந்தது. இலைகளெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன.

அருள்நாயகம் குனிந்து, ஒரு விரலால் வலது பிறேக்கை அழுத்தினார். கட்டைகள் முன்சக்கரத்தை இறுகக் கவ்வின. இடது பிறேக்கை அழுத்தினார். பின்சக்கரம் நின்றது. பிறேக் வயர் இரண்டும் புதியவை, மங்கல் வெளிச்சத்திலும் மினுங்கின. பிறேக்கில் பிழை ஒன்றும் இல்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, தன் ஜக்கெற்றைக் கழற்றி இறந்தவரின் முகத்தை மூடினார்.

*

பொலிஸ் சார்ஜன்ட் பேர்ச் பருத்த மனிதர். நிதானமானவர். சைக்கிள் ஓடத் தெரியாதவர் என்று அவரே சொன்னார். தேநீர்ச் சாலையின் மூலை மேசையில் இருந்து ஒவ்வொருவராக அழைத்தார்.

11.05. கிளிபோட். றோஸ்மேரியின் ஒரே மகன், இருபத்துமூன்று வயது. கொட்டிலில் உள்ள பன்னிரண்டு வாடகைச் சைக்கிள்களையும் ஹோவெலின் சைக்கிளையும் பராமரிப்பவன் அவன்தான். ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து தாயோடு வந்தவன். பதினாலு வயதில் பார்க்டேலில் ஒரு வெள்ளைக்காரனின் கடையில் சைக்கிள் திருத்தப் பழகினான்.

"நேற்று இந்தச் சைக்கிளில் என்ன செய்தாய்?"

"சங்கிலிக்கு எண்ணெய். ரயருக்குக் காற்று. நாலரைக்குப் பராமரிப்புத் தாளில் கையெழுத்து வைத்தேன்."

"வயர்கள் புதியவை. உன் தாளில் வயரைப் பற்றி ஒன்றுமில்லை."

"நான் வயரைத் தொடவில்லை."

"வியாழக்கிழமை ஹோவெல் உன்னை ஆட்களுக்கு முன்னால் ஏசினார். இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்பாட்டப் போவதாகச் சொன்னார். நீ அவரிடம் 'கவனமாக இரும்' என்றாய்."

கிளிபோட் தாயைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"கோவத்தில் சொன்னது."

11.40. பத்மநாதன். தோட்ட வேலைக்காரர். புல் வெட்டுவது, இலை கூட்டுவது, விழுந்த மரங்களை அறுப்பது அவர் பாடு. நாற்பத்துமூன்று வயது. ஆங்கிலம் போதாது. அருள்நாயகத்தைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

"கொட்டில் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது?"

"மனேச்சரிட்டை ஒண்டு, கிளிபோட் தம்பியிட்டை ஒண்டு, கேற்றிலை ஒண்டு. கேற்றிலை கிடக்கிறதை நான் பின்னேரத்திலை எடுத்து, தள்ளுவண்டியை உள்ளுக்கை விட்டிட்டுத் திருப்பிக் குடுக்கிறனான்."

"நேற்று?"

"நேற்றும் அப்பிடித்தான்."

"வேலை முடிந்த பிறகு எங்கே நின்றீர்?"

"குளத்தடியிலை இலைக் குப்பை எரிச்சுக்கொண்டு நிண்டனான். ஆறரை மட்டும்."

அருள்நாயகம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார்.

ஒரு மணிக்கு முடிவு சொன்னார்கள். யாரோ வயரை மாற்றியிருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவன் இங்கே ஒருவன்தான். அதை அவன் மறைக்கிறான். சைக்கிள் திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போகும். கிளிபோட் திங்கள் பதினொரு மணிக்கு இங்கேயே வந்து நிற்க வேண்டும். அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

*

அன்று தேநீர் பிந்தியது. வழக்கமாகப் பத்தேகாலுக்கு, கேற் குடிலுக்குப் பின்னால் உள்ள வாங்குப் பலகையில், பத்மநாதன் தன் பிளாஸ்கைத் திறப்பார். இரண்டு பேரும் குடிப்பார்கள். சில நாட்களில் ஒரு வார்த்தையும் பேசாமலே எழும்பிப் போவார்கள். ஊரில் புகையிரத நிலைய அதிபராக இருந்த அருள்நாயகம், போரால் ரயில் நின்றுபோன வருடமே கொழும்புக்கு வந்து, பிறகு இங்கே வந்தவர். மனைவி கொழும்பிலேயே இறந்துவிட்டாள். டோர்செட் பார்க்கில் ஒரு நிலக்கீழ் அறை. பேச ஆட்கள் இல்லாமல் இல்லை. கோயிலில், கடையில், பஸ்சில் எல்லா இடத்திலும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். கூட இருந்து பேசாமல் இருக்கத் தெரிந்தவர் இந்த நாட்டில் பத்மநாதன் ஒருவர்தான்.

"என்ன மாஸ்ரர், ரெயின் லேற்றோ?" என்று பத்மநாதன் பகிடி விட்டார். குரலில் பகிடி இல்லை.

அருள்நாயகம் கோப்பையை வாங்கினார். "கையுறையோடை குடிக்கிறீர்."

"குளிருது."

கொஞ்ச நேரம் இலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் அந்தப் பெடியன்," என்றார் பத்மநாதன்.

அருள்நாயகம் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார்.

மாலை றோஸ்மேரி குடிலுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணை, உங்களுக்கு என்ரை பிள்ளையிலை அவ்வளவு விருப்பம் இல்லை. எனக்குத் தெரியும். காலமை குட்மோர்னிங் சொல்லாமல் போறவன் எண்டு நினைக்கிறியள்."

"அப்பிடி ஒண்டுமில்லை."

"அவன் பொய் சொல்லுறேல்லை. வாய் கொஞ்சம் கூடத்தான். ஆனால் பொய் இல்லை. எனக்கு அவன் ஒராள்தான் அண்ணை. நீங்கள் எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதுறனீங்கள். அதிலை எங்கையாவது ஏதாவது இருக்குமோ எண்டு பாருங்கோ."

*

ஞாயிறு. எஸ்டேட் மூடியிருந்தது. காவலுக்கு அருள்நாயகம் மட்டும் வந்தார்.

அவர் மனதில் ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. பாதையை வெட்டியவர் ஹோவெல். ஏணியில் நூறு தரம் இறங்கியவர். பிறேக் இரண்டும் நல்லாக இருக்கின்றன. பிறகு ஏன் தலைகீழாகப் பறந்தார்?

உச்சிக்கு இன்னொரு தரம் போய்ப் பார்க்க நினைத்தார். முழங்கால் நொந்தது. 10.20க்குக் கொட்டிலைத் திறந்து, ஒரு வாடகைச் சைக்கிளை வெளியே எடுத்தார். இந்த நாட்டுக்கு வந்த ஐந்து வருடத்தில் சைக்கிளில் ஏறியது அதுதான் முதல் தரம்.

கொட்டில் வாசலில் ஒரு சின்னச் சரிவு. சைக்கிள் தானாக ஓடியது. வேகம் கூடவே, முன்சக்கரத்தை மெதுவாகப் பிடிக்க நினைத்து வலது கையை அழுத்தினார். பின்சக்கரம் இழுபட்டுச் சறுக்கியது. பயந்துபோய் இடது கையை இறுக்கினார். சைக்கிள் சடக்கென்று நின்றது. பின்பக்கம் கிளம்பி, நெஞ்சு ஹாண்டிலில் அடித்தது. காலை ஊன்றியதால் தப்பினார்.

இறங்கி நின்று மூச்சு வாங்கினார். இந்தச் சைக்கிளின் பிறேக்கை யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார். உள்ளே போய் அடுத்த சைக்கிளின் வலது பிடியை அழுத்தினார். பின்சக்கரம். அடுத்தது. பின்சக்கரம். கடைசி வரையும் போனார். பன்னிரண்டும் அப்படியே.

மூலையில் பொலிஸ் நாடா கட்டி ஹோவெலின் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். அதை அவர் தொடவில்லை. தொடத் தேவையில்லை. நேற்று அழுத்திப் பார்த்தது விரலில் இன்னும் இருந்தது. வலது கை, முன்சக்கரம்.

பன்னிரண்டு சைக்கிள் பிழை. செத்தவரின் சைக்கிள் மட்டும் சரி.

அருள்நாயகம் கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியின் மேல் இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. பிறகு எழும்பிக் குடிலுக்குப் போய், வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார்.

'ஹோவெல், கார், 2.30 வெளியே. கிளிபோட், றோஸ்மேரி 4.40 வெளியே. மழை 5.05. விளக்குப் போட்டது 6.20. பத்மநாதன் 6.55 வெளியே.'

அவர் பத்மநாதனை எத்தனையோ மாதமாக ஐந்து மணிக்கு வெளியே என்று எழுதி வந்தவர்.

*

ஒக்ரோபர் 21, திங்கள். காலை 10.15.

பத்மநாதன் பிளாஸ்கைத் திறந்தார். கையுறை போட்டிருந்தார். வெயில் எறித்தது.

"கையுறையைக் கழட்டும்," என்றார் அருள்நாயகம்.

"என்னத்துக்கு?"

"கழட்டும்."

பத்மநாதன் கழற்றவில்லை. பிளாஸ்கின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை குப்பை எரிச்சனான் எண்டனீர். நான்தான் அதை இங்கிலீசிலை சொன்னனான். சொல்லேக்கை எனக்கு மூளை ஓடேல்லை. அஞ்சு மணி அஞ்சு நிமிசத்துக்கு மழை. ஊறின இலையை ஆறரை மட்டும் எப்பிடி எரிச்சனீர்?"

பத்மநாதன் கையுறையின் விரல் நுனிகளை இழுத்துவிட்டார்.

"கேற்றுத் திறப்பு உம்மட்டை இருந்தது. திறப்பு வைச்சிருந்த மற்ற ரெண்டு பேரும் போயிட்டினம். நீர் மனேச்சரின்ரை சைக்கிளை எடுத்தனீர்."

ஒரு கார் வந்து கேற் மூடியிருப்பதைக் கண்டு திரும்பிப் போனது. அருள்நாயகம் அதற்கு எழும்பவில்லை.

"ஒருக்கா ஓடிப் பாக்க ஆசையா இருந்தது, மாஸ்ரர்," என்றார் பத்மநாதன். "ஊரிலை நான் தந்திச் சேவகன். ஒரு நாளைக்கு இருபது மைல் ஓடினவன். இஞ்சை நாலு வருசமா மற்றவை ஓடுற பாதையைக் கூட்டிக்கொண்டிருக்கிறன். ஒருக்கா. அவ்வளவுதான்."

"ஏணியிலை இறங்கினனீர்."

"இறங்கேக்கை பின்பிறேக்கைப் பிடிப்பம் எண்டு இடது கையை அமத்தினன். முன்சில்லு இறுகிப்போச்சு. தூக்கி எறிஞ்சிட்டுது. மெல்லப் போனபடியாத் தப்பினன்."

அவர் கையுறைகளைக் கழற்றினார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, காய்ந்துபோயிருந்தது.

"ஹாண்டில் திரும்பி வயர் ரெண்டும் அறுந்துபோச்சு. தம்பியின்ரை பெட்டியிலை புது வயர் கிடந்தது. ஹாண்டிலை நிமித்தி, வயரைப் போட்டன். சைக்கிள் வேலை எனக்குத் தெரியும். முந்திப் பூட்டினவன் மாறிப் பூட்டியிருக்கிறான், அதுதான் என்னை விழுத்தினது எண்டு நினைச்சன். நான் சரியாப் பூட்டினன், மாஸ்ரர். சத்தியமாச் சரியாத்தான் பூட்டினன்."

"ஓம்," என்றார் அருள்நாயகம். "சரியாத்தான் பூட்டியிருக்கிறீர். நானும் சனிக்கிழமை அமத்திப் பாத்தனான். எனக்கும் பிழை ஒண்டும் தெரியேல்லை."

பத்மநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடை ஊரிலை வலது கை முன்சில்லு. இந்த நாட்டிலை இடது கை முன்சில்லு. உள்ளை நிக்கிற பன்னிரண்டும் அப்பிடித்தான். உச்சியிலை ஒரு பலகை நிக்குது. இடது கையை மறந்துவிடு எண்டு. முன்பிறேக்கைத் தொடாதை எண்டதைத்தான் அந்த மனுசன் அப்பிடி எழுதி வைச்சிருக்கிறார். கொட்டிலிலையிருந்து உச்சி மட்டும் ஏற்றம். பிறேக்கைத் தொடத் தேவையில்லை. சனிக்கிழமை அவர் பிறேக்கை முதன்முதல் தொட்டது ஏணியிலைதான். தான் எழுதினபடி வலது கையைப் பிடிச்சிருக்கிறார்."

பத்மநாதனுக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது அவருடைய முகம் ஒரு பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது.

"அப்ப, நான் சரியாப் பூட்டினபடியாலோ?"

அருள்நாயகம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது தெரியாது, மாஸ்ரர். என்ரை வேலை எங்கையோ இளகிப்போச்சு எண்டுதான் பயந்தனான். அதுதான் வாய் திறக்கேல்லை. மனிசியும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் கொழும்பிலை நிக்கினம். மெடிக்கல் முடிஞ்சுது. விசா இந்த மாதம் வரும். பொலிஸ் கேஸ் எண்டால் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"தெரியும்."

"தம்பி இஞ்சை வளந்தவன். அவனுக்கு லோயர் வரும், விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்."

"பன்னிரண்டு சைக்கிளையும் கனடாக்காரன் மாதிரிப் பூட்டினவன் அவன். ஊரிலை சைக்கிள் ஓடினதே இல்லை. இந்தப் பிழையை அவனாலை விட ஏலாது. உம்மாலை ஏலும். என்னாலை ஏலும். நான் வெள்ளிக்கிழமை குடிலைவிட்டு அசையேல்லை, எழுத்து இருக்கு."

10.45. தூரத்தில் றோஸ்மேரி மகனோடு தேநீர்ச் சாலைப் பக்கம் நடந்து போனாள். கிளிபோட் சப்பாத்துப் போட்டு, நல்ல சேர்ட் போட்டிருந்தான். தாய் அவனுடைய கொலரைச் சரிசெய்தாள். அவன் தட்டிவிட்டான். அவள் திரும்பவும் சரிசெய்தாள்.

பத்மநாதன் அதைப் பார்த்தார்.

"நான் சொல்லாட்டி நீங்கள் சொல்லுவியள்."

"ஓம்."

"எனக்காண்டி ரெண்டு கிழமை பொறுக்க ஏலாதோ? விசா வரும் மட்டும்."

அருள்நாயகம் என்னிடம் கதை சொல்லும்போது இந்த இடத்தில்தான் கனநேரம் பேசாமல் இருந்தார். இரண்டு தரமும் இதே இடத்தில். பத்மநாதனுக்கு அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்:

"பதினொரு மணிக்கு அவனைக் கொண்டு போறாங்கள்."

பத்மநாதன் பிளாஸ்கை மூடினார். எழும்பினார்.

"இங்கிலீசிலை நான் சொல்ல மாட்டன், மாஸ்ரர். நீங்கள்தான் சொல்ல வேணும்."

இரண்டு பேரும் நடந்தார்கள். பிளாஸ்க் வாங்கிலேயே இருந்தது.

11.02. கொட்டிலுக்குள் சார்ஜன்ட் பேர்ச் பன்னிரண்டு வலது பிடிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசியில் நாடாவுக்குள் கையை நீட்டி, பதின்மூன்றாவதை அழுத்தினார். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்மநாதன் தமிழில் ஒரு வசனம் சொன்னார். அருள்நாயகம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பத்மநாதன் அடுத்த வசனம் சொன்னார். ஒரு சொல்லையும் கூட்டாமல், குறைக்காமல், சனிக்கிழமைப் பொய்யைச் சொன்ன அதே குரலில், அருள்நாயகம் முழுவதையும் சொல்லி முடித்தார்.

கிளிபோட் சுவரோடு சாய்ந்துகொண்டு இருந்தான். "கொட்டிலிலை இருபது நிமிசம் ஒரு சைக்கிளையும் தொடாமல் நிண்டிருக்கிறன். ரெக்கோர்ட்," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவன் பத்மநாதனைப் பார்த்து, "அங்கிள், யூ ஷுட் ஹாவ் டோல்ட் மீ. ஒரு நிமிசம். நான் ஒரு நிமிசத்திலை மாத்தியிருப்பன்," என்றான்.

பத்மநாதனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

12.10க்குப் பொலிஸ் கார் வெளியே போனது. அருள்நாயகம் பதிவேட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் பத்மநாதனின் பெயரையும் எழுதினார்.

ஹோவெலின் சாவு விபத்து என்று தீர்ப்பானது. பத்மநாதனுக்குப் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக மட்டும் வழக்கு வந்தது. சிறையில் போடவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மூன்று வருடம் பிந்தி வந்து சேர்ந்தார்கள். குடும்பம் மொன்றியலில் இருக்கிறது. அவர் அருள்நாயகத்துக்கு ஒருநாளும் எழுதவில்லை. கிளிபோட் ஸ்கார்பரோவில் சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்தான். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்கள் சைக்கிள் வாங்கினால், வலது கை எது, இடது கை எது என்று காட்டாமல் வெளியே விடமாட்டான். றோஸ்மேரி ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அருள்நாயகத்துக்குக் கேக் அனுப்பினாள். எஸ்டேட்டை அடுத்த வருடம் விற்றார்கள். பாதைகளைப் புல் மூடியது. அருள்நாயகம் வேறொரு கட்டடத்தில் காவலுக்குப் போனார். பிளாஸ்க் அவரிடம் இருக்கிறது. பத்தேகாலுக்குத் தேநீர் குடிக்கிறார்.